பயாஸில் பிராசஸர், ரேம் வேக விகிதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்களுக்கும் அவர்களுடைய நண்பர்களுக்கும் கணினி பூட்டிக் கொடுப்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். பூட்டிக் கொடுத்த இரண்டாம் நாள், பயாஸ் திரையைப் படம் பிடித்து அனுப்பி, "இதில் எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக் கூடாது?" என்று கேட்பார்கள். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். முதல்முறையாக பயாஸுக்குள் போகிறவர்கள் வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பித்தான் இருக்கின்றன.

பயாஸ், யுஇஎஃப்ஐ என்று இரண்டு பெயர் சொல்கிறார்களே, இரண்டும் வேறா?

பயாஸ் பழையது, அதன் இடத்துக்கு வந்தது யுஇஎஃப்ஐ. இன்றைய மதர்போர்டுகளில் இருப்பது யுஇஎஃப்ஐதான். ஆனாலும் எல்லாரும் பழக்கத்தில் பயாஸ் என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். விண்டோஸோ லினக்ஸோ கண் விழிப்பதற்கு முன்பே இது விழித்து, பிராசஸரும் ரேமும் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று தீர்மானித்துவிடுகிறது. கணினியை இயக்கியதும் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலான மதர்போர்டுகளில் உள்ளே போய்விடலாம்.

'சிபியு ரேஷியோ' என்ற இடத்தில் 45 என்று இருக்கிறது. எதற்கும் எதற்கும் உள்ள விகிதம் அது?

மதர்போர்டில் ஓர் அடிப்படைத் துடிப்பு இருக்கிறது. பேஸ் கிளாக் என்பார்கள். திரையில் பிசிஎல்கே என்று சுருக்கமாக இருக்கும். இன்றைய கணினிகளில் அது 100 மெகாஹெர்ட்ஸ். அந்தத் துடிப்பு ஒருமுறை அடிப்பதற்குள் பிராசஸர் எத்தனை முறை அடிக்கிறது என்பதே ரேஷியோ. 45 என்றால் 100 × 45 = 4500 மெகாஹெர்ட்ஸ், அதாவது 4.5 ஜிகாஹெர்ட்ஸ். பெருக்கெண் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

ரேமுக்கும் இதே கணக்குதான். அதே 100ஐ வேறோர் எண்ணால் பெருக்கினால் ரேமின் வேகம் கிடைக்கும். ஒரே ஏரியிலிருந்து பிரியும் இரண்டு வாய்க்கால்கள் போல. வாய்க்காலின் மதகைத் திருகினால் அந்த வாய்க்கால் மட்டும் மாறும். ஏரியின் மட்டத்தையே உயர்த்தினால் இரண்டிலும் நீர் ஏறும். கீழே வரும் பல பதில்கள் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

45 என்று பயாஸில் இருக்கிறது. விண்டோஸுக்குள் பார்த்தால் 800 மெகாஹெர்ட்ஸ் காட்டுகிறது. இன்னொரு முறை 4490 காட்டியது. எது உண்மை?

மூன்றும் உண்மை. வேலை இல்லாத நேரத்தில் பிராசஸர் தானாகவே பெருக்கெண்ணைக் குறைத்துக்கொள்ளும். 100 × 8 = 800. மின்சாரமும் மிச்சம், சூடும் குறைவு. ஒரு கனமான வேலையைக் கொடுத்துவிட்டுப் பாருங்கள், எண் ஏறிவிடும்.

4490 வருவதற்குக் காரணம் பேஸ் கிளாக் 100க்கு ஒரு மயிரிழை கீழே, 99.8 போல ஓடுவது. மின்காந்த இரைச்சல் ஒரே புள்ளியில் குவியாமல் இருக்க, துடிப்பைச் சற்றே அலையவிடும் ஏற்பாடு பல மதர்போர்டுகளில் உண்டு. ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம் என்ற பெயரில் அது இருக்கும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

3200 ரேம் என்று வாங்கினேன். சிபியு-இசட் மென்பொருள் 1600 என்று காட்டுகிறது. பாதி வேக ரேமைக் கொடுத்துவிட்டார்களா?

இல்லை, சரியான ரேம்தான். டிடிஆர் என்பதன் பொருளே இரட்டைத் தரவு வேகம். துடிப்பு ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை என்று ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு தடவை தரவு போகிறது. 1600 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு, வினாடிக்கு 3200 மில்லியன் பரிமாற்றம். பெட்டியில் '3200 மெகாஹெர்ட்ஸ்' என்று அச்சிடுவதுதான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம். சிபியு-இசட் காட்டும் எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

என் கணினியில் 1600 கூட இல்லை, 1066தான் இருக்கிறது. அது ஏன்?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஒவ்வொரு ரேம் ஸ்டிக்கிலும் எஸ்பிடி என்ற குட்டிச் சிப் ஒன்று இருக்கிறது. அந்த ரேம் எந்தெந்த வேகங்களில், எந்த மின்னழுத்தத்தில் ஓடும் என்ற குறிப்பு அதில் எழுதியிருக்கும். ஜெடெக் என்ற தர நிர்ணய அமைப்பு வகுத்த பொது வேகங்கள் ஒரு பக்கம். டிடிஆர்4 ரேமுக்கு அவை 1.2 வோல்ட்டில் ஓடும். தயாரிப்பாளர் தனியாகச் சோதித்து உறுதி சொல்லும் கூடுதல் வேகம் இன்னொரு பக்கம். அதற்குப் பெரும்பாலும் 1.35 வோல்ட் வேண்டும். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் மதர்போர்டு பத்திரமான பொது வேகத்தையே எடுத்துக்கொள்ளும். 1066 என்பது இரட்டித்தால் 2133.

கூடுதல் வேகக் குறிப்புக்கு இன்டெல் 2007இல், டிடிஆர்3 காலத்தில், எக்ஸ்எம்பி என்று பெயர் வைத்தது. ஏஎம்டி 2022இல் ரைசன் 7000 பிராசஸர் வரிசையோடு எக்ஸ்போ என்ற தன் வடிவத்தைக் கொண்டுவந்தது. சில மதர்போர்டுகளில் டிஓசிபி என்று இருக்கும். பெயர் எதுவானாலும் அந்த ஓர் இடத்தில் 'புரொஃபைல் 1' என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் வேகம், மின்னழுத்தம், தாமத எண்கள் எல்லாம் ஒன்றாக மாறிவிடும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை மூன்று நான்கு ஆண்டுகள் தொடாமலே வைத்திருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் பொறுக்காது.

ரேம் ஸ்டிக் இரண்டு, ஸ்லாட் நான்கு. எதில் போட்டால் என்ன, எல்லாம் ஒன்றுதானே?

ஒன்று அல்ல. பயாஸைத் திறப்பதற்கு முன் இதைச் சரிபாருங்கள். ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையே தரவு போக இரண்டு தடங்கள் இருக்கின்றன, சேனல் என்பார்கள். ஒரு தடத்தில் 3200 ரேம் வினாடிக்கு 25.6 ஜிகாபைட் தரும். இரண்டு தடங்களும் சேர்ந்தால் 51.2. இரண்டு ஸ்டிக்கையும் ஒரே தடத்தில் செருகிவிட்டால், பயாஸில் எந்த எண்ணை ஏற்றினாலும் அந்தப் பாதி திரும்பி வராது. நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான மதர்போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும் சரியான இடங்கள். கையேட்டில் ஏ2, பி2 என்று குறித்திருப்பார்கள்.

சிஎல்16, சிஎல்30 என்கிறார்கள். சிறிய எண் நல்லது என்றால் டிடிஆர்5 ஏன் பெரிய எண்ணோடு வருகிறது?

அந்த எண் துடிப்புகளைக் குறிக்கிறது, நேரத்தை அல்ல. கேட்ட தரவு வந்து சேர எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்பதுதான் சிஎல். துடிப்பு வேகமானால் ஒவ்வொரு துடிப்பின் நீளமும் குறையும். ஆகவே சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி, ரேமின் வேகத்தால் வகுத்துப் பாருங்கள். நானோ வினாடியில் விடை வரும். 3200 வேகத்தில் சிஎல்16 என்றால் 10 நானோ வினாடி. 6000 வேகத்தில் சிஎல்30 என்றாலும் அதே 10. அதே 6000 வேகத்தில் சிஎல்40 வாங்கினால் 13.3. முந்தைய பதிலில் சொன்ன 2133 வேகம் சிஎல்15இல் ஓடினால் 14 நானோ வினாடியைத் தாண்டும். வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

பழைய குறிப்புகளில் 'எஃப்எஸ்பிக்கும் ரேமுக்கும் 1:1 வையுங்கள்' என்று இருக்கிறது. என் பயாஸில் அப்படி ஒன்று இல்லையே?

அந்தக் குறிப்புகள் எழுதப்பட்ட காலத்தில் ரேமை ஆளும் பகுதி பிராசஸருக்கு வெளியே, மதர்போர்டில் தனிச் சிப்பாக இருந்தது. இரண்டையும் இணைத்த பாதைதான் எஃப்எஸ்பி. 2006இல் வந்த கோர் 2 டுவோ இ6600ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்எஸ்பி துடிப்பு 266, பெருக்கெண் 9, வேகம் 2.4 ஜிகாஹெர்ட்ஸ். அதில் டிடிஆர்2-800 ரேம் போட்டால் ரேமின் துடிப்பு 400, விகிதம் 2:3. பெருக்கெண் பூட்டியிருந்ததால் வேகம் வேண்டுமென்றால் எஃப்எஸ்பியைத்தான் ஏற்ற வேண்டும். ஏற்றினால் ரேமும் கூடவே ஏறித் தடுக்கி விழும். அதனால்தான் விகிதத்தை 1:1க்கு இறக்கி ரேமைக் காப்பாற்றச் சொன்னார்கள். ஏஎம்டி 2003இல் அத்லான் 64 மூலமும், இன்டெல் 2008இல் நெஹேலம் மூலமும் ரேம் கட்டுப்பாட்டுப் பகுதியைப் பிராசஸருக்குள் கொண்டுவந்தன. எஃப்எஸ்பி மறைந்தது.

ஆனால் 1:1 என்ற எண்ணம் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. இன்று விகிதம் ரேமுக்கும் பிராசஸருக்குள் இருக்கும் அந்தக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் இடையில். இன்டெல் 2021இல் 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸரிலிருந்து இதை 'கியர்' என்கிறது. கியர் 1 என்றால் இரண்டும் ஒரே வேகம். கியர் 2 என்றால் கட்டுப்பாட்டுப் பகுதி பாதி வேகம். டிடிஆர்4-3600 ரேமை கியர் 1இல் ஓட்டுவது, அதைவிடச் சற்று வேகமான ரேமை கியர் 2இல் ஓட்டுவதைவிடப் பல வேலைகளில் நல்லது. டிடிஆர்5 ரேமை 12 முதல் 14 வரையான தலைமுறைகள் கியர் 2இல்தான் ஓட்டும். அங்கே இந்தக் கவலை இல்லை.

ரைசனில் இன்னொரு துடிப்பும் சேர்கிறது. பிராசஸரின் உட்பகுதிகளை இணைக்கும் பாதைக்கான அதை எஃப்சிஎல்கே என்பார்கள். ரைசன் 3000, 5000 வரிசைகளில் எஃப்சிஎல்கே, கட்டுப்பாட்டுப் பகுதி, ரேம் மூன்றும் ஒரே எண்ணில் இருப்பதே சிறப்பு. டிடிஆர்4-3600க்கு மூன்றும் 1800. சில பிராசஸர்கள் 1900 தொடும். அதற்கு மேல் போனால் விகிதம் 1:2 ஆகி, தாமதம் கூடிவிடும். ரைசன் 7000இல் டிடிஆர்5-6000 போட்டால் ரேமும் கட்டுப்பாட்டுப் பகுதியும் 3000இல் சேர்ந்து ஓடும். எஃப்சிஎல்கே 2000 அளவில் தனியாக ஓடலாம், அதில் தவறில்லை. 6000க்கு மேலான ரேமை ரைசனுக்கென்று வாங்கப் போகிறவர்களை நான் பெரும்பாலும் தடுத்துவிடுகிறேன்.

புரொஃபைலைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தேன். திரை கருப்பாகவே இருக்கிறது. போய்விட்டதா?

பொறுங்கள், சுவிட்சை அணைக்காதீர்கள். புதிய வேகத்தில் ஒவ்வொரு தரவுக் கம்பியின் நேரத்தையும் மதர்போர்டு அளந்து பொருத்திப் பார்க்கிறது. மெமரி டிரெயினிங் என்று பெயர். டிடிஆர்5இல் முதல்முறை இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். ரேம் அதிகமாக இருந்தால் இன்னும் நேரம் எடுக்கும். பதறிப்போய் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கால் மணி நேரம் ஆகியும் திரை வரவில்லை என்றால் அமைப்புகளை அழித்துவிடலாம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கிளியர் சிமாஸ் என்று குறித்த இரண்டு முனைகளைக் கையேட்டில் சொன்னபடி தொடுத்துவிடுங்கள். அல்லது காசு வடிவ சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி மாட்டுங்கள். எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். பிறகு அதே புரொஃபைலை வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் ஒரு படி இறக்கி முயலுங்கள். 3600 நிற்காத இடத்தில் 3466 நிற்கும். அந்த ஒரு படியைப் பயன்பாட்டில் உணரவே மாட்டீர்கள்.

ஏற்கெனவே இரண்டு ஸ்டிக் இருக்கிறது. அதே மாதிரி இன்னும் இரண்டு வாங்கிப் போட்டதும் பழைய வேகத்தில் நிற்க மறுக்கிறது. அதே ரேம்தானே?

ஒரு தடத்தில் இரண்டு ஸ்டிக் தொங்கினால் கட்டுப்பாட்டுப் பகுதிக்குச் சுமை கூடும். ரைசன் 7000க்கு ஏஎம்டி சொல்லும் அதிகாரபூர்வ வேகமே இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்குக்கு 3600. இத்தனை பெரிய இறக்கம் இருக்கும்போது 6000 புரொஃபைல் நான்கிலும் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. புரொஃபைலில் உள்ள எண்கள் ஒரே பெட்டியில் வந்த ஸ்டிக்குகளுக்குச் சோதிக்கப்பட்டவை. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் மாறியிருக்கலாம். 64 ஜிகாபைட் வேண்டுமென்றால் 32 × 2 ஆக வாங்குங்கள்.

சிபியு ரேஷியோவில் எண்ணை மாற்றப் பார்த்தேன், மாறவே இல்லை. பயாஸ் பழுதா?

பூட்டியிருக்கிறது. இன்டெலில் பெயருக்குப் பின் கே எழுத்து உள்ள பிராசஸரும் இசட் வரிசை மதர்போர்டும் சேர்ந்தால்தான் அந்தப் பூட்டு திறக்கும். பி வரிசை மதர்போர்டுகளில் 2021இல் வந்த பி560 முதல் ரேம் வேகத்தை ஏற்றலாம், பிராசஸர் பெருக்கெண்ணை ஏற்ற முடியாது. ஏஎம்டியில் பெரும்பாலான ரைசன்கள் திறந்தவை. 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி போன்றவை பூட்டியவை.

என்னுடையது திறந்திருக்கிறது. எல்லா கோருக்கும் ஒரே ரேஷியோவாக ஏற்றிவிடலாமா?

முடியும். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். கோர் என்பது பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி. இன்றைய பிராசஸர் ஒரு கோருக்கு மட்டும் வேலை இருந்தால் அதை மிக உயரத்துக்கு ஏற்றும். எல்லா கோருக்கும் வேலை இருந்தால் சற்று இறக்கும். ரைசன் 5 5600எக்ஸ் ஒரு கோரில் 4.6 ஜிகாஹெர்ட்ஸ் தொடக்கூடியது. அதை எல்லா கோரிலும் 4.4 என்று நிறுத்தினால், ஒற்றைக் கோரை நம்பும் வேலைகளில் முன்பைவிட மெதுவாகிவிடும். கையால் ஏற்றியும் வேகம் இறங்கும் விந்தை இதுதான்.

சூட்டின் கணக்கையும் பாருங்கள். பிராசஸர் இழுக்கும் மின்சாரம் துடிப்போடு நேராகவும், மின்னழுத்தத்தின் இருமடியோடும் ஏறும். 4.5 ஜிகாஹெர்ட்ஸ் 1.2 வோல்ட்டில் ஓடியதை 4.8க்கு ஏற்ற 1.35 வோல்ட் தேவைப்பட்டால், வேகம் ஏறியது ஏழு சதவீதத்துக்கும் குறைவு. மின்சாரமும் சூடும் ஏறியது சுமார் 35 சதவீதம். ஆசைப்பட்டுத்தான் செய்கிறீர்கள் என்றால் ஒரு படி மட்டும் ஏற்றி, தாளில் குறித்துக்கொண்டு, சோதித்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். ரேமையும் பிராசஸரையும் ஒரே நாளில் தொடாதீர்கள். கணினி விழுந்தால் எதனால் விழுந்தது என்று தெரியாமல் போகும்.

ரேஷியோ பூட்டியிருந்தால் பேஸ் கிளாக்கை ஏற்றலாமே?

ஏரியின் மட்டத்தை உயர்த்தும் வேலை இது. பேஸ் கிளாக்கை 103 ஆக்கினால் 45 பெருக்கெண்ணில் பிராசஸர் 4635க்கும், 3200 ரேம் 3296க்கும் போகும். பல மதர்போர்டுகளில் கிராபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் மாட்டியிருக்கும் பிசிஐஇ பாதையும் அதே துடிப்பில்தான் ஓடுகிறது. எஸ்எஸ்டி காணாமல் போவது, கோப்புகள் சிதைவது எல்லாம் இப்படித்தான் தொடங்கும். மூன்று சதவீத வேகத்துக்காக உங்கள் கோப்புகளைப் பணயம் வைக்க வேண்டாம்.

விளையாட்டு நன்றாக ஓடுகிறது, நீலத் திரை வரவில்லை. நிலையாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. நான் ரேம் வேகத்தை ஒரு படி கூடுதலாக ஏற்றிக் கொடுத்த கணினி ஒன்று மாதக்கணக்கில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. அதில் ஒரு நண்பர் குடும்பப் படங்களை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டுப் பழையதைத் துடைத்துவிட்டார். பிறகு திறந்து பார்த்தால் பல படங்களில் கீழ்ப்பாதி சாம்பல் பட்டையாக இருந்தது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட்டினேன். முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாம் சுற்றில் ஒரே ஒரு பிழை. அந்த ஒரு பிழை போதுமானதாக இருந்தது.

ரேம் பிழை சத்தம் போடாது. டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு பைட்டும் ரேம் வழியாகத்தான் போகிறது. வழியில் ஒரு பிட் புரண்டால் தவறான படமே சரியான படம் போலப் பதிவாகிவிடும். ஆகவே புரொஃபைலை இயக்கிய அன்றே, முக்கியமான எதையும் நகலெடுப்பதற்கு முன், மெம்டெஸ்ட்86ஐ யுஎஸ்பியிலிருந்து நான்கு சுற்று ஓட்டுங்கள். பிறகு விண்டோஸுக்குள் ஓசிசிடி அல்லது ஒய்-குரஞ்சர் என்ற சோதனை மென்பொருளை ஓரிரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான். 'ஒன்றுதானே வந்தது' என்று விட்டுவிடாதீர்கள்.

எக்ஸ்எம்பி போட்டால் வாரண்டி போய்விடுமா?

இன்டெலும் ஏஎம்டியும் இதை ஓவர்கிளாக், அதாவது அதிகாரபூர்வ வேகத்தைத் தாண்டி ஓட்டுவது, என்றே கணக்கில் வைக்கின்றன. அதனால் வரும் சேதத்துக்குப் பொறுப்பேற்க மறுக்கலாம். நடைமுறையில் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் வசதிதான். கவனிக்க வேண்டியது மின்னழுத்தத்தை. 2023இல் ரைசன் 7000 வரிசையில் சில பிராசஸர்கள் சாக்கெட்டோடு கருகியபோது, எக்ஸ்போ இயங்கும்போது எஸ்ஓசி மின்னழுத்தம் (ரேம் கட்டுப்பாட்டுப் பகுதி போன்றவற்றுக்குப் போவது) மிகையாக ஏறியது ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது. புதிய பயாஸ் மூலம் ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று வரம்பு கட்டியது. அந்த வரிசை வைத்திருப்பவர்கள் பழைய பயாஸோடு எக்ஸ்போவை இயக்க வேண்டாம்.

பயாஸைப் புதுப்பித்த பிறகு கணினி மெதுவாகிவிட்டது. பழைய பயாஸுக்கே திரும்பட்டுமா?

பெரும்பாலும் புதுப்பித்ததும் எல்லா அமைப்பும் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும், ரேம் பொது வேகத்துக்கு இறங்கியிருக்கும். புரொஃபைலை மறுபடி இயக்குங்கள். முன்பே தாளில் குறித்து வைக்கச் சொன்னது இதற்கும் உதவும். விண்டோஸில் டிஸ்க்கை மறையாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இயங்கினால் புதுப்பிப்பதற்கு முன் அதன் மீட்புச் சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பித்ததும் அது கேட்கக்கூடும்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் வைத்திருப்பவர்கள் பழைய பயாஸுக்குத் திரும்பவே கூடாது. மிகையான மின்னழுத்தத்தால் அவற்றில் சில நிலைகுலைந்ததற்கான மைக்ரோகோடு (பிராசஸரின் உள் கட்டளைகள்) திருத்தம் ஆகஸ்ட் 2024 முதல் பயாஸ் வழியாகத்தான் வருகிறது.

கடுமையான சோதனை எல்லாம் எட்டு மணி நேரம் தேறியது. ஆனால் சும்மா இருக்கும்போது, ஏதாவது படித்துக்கொண்டிருக்கும்போது, திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறது. எங்கே தவறு?

ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் என்ற இடத்தில் மின்னழுத்தத்தைக் குறைத்து வைத்தீர்களா என்று முதலில் பாருங்கள். கடுமையான சோதனையில் எல்லா கோரும் ஓடுவதால் வேகம் சற்று இறங்கியே இருக்கும். அங்கே குறைந்த மின்னழுத்தம் போதும். ஒரு பக்கத்தைத் திறப்பது போன்ற சிறு வேலையில்தான் ஒற்றைக் கோர் தன் உச்சிக்குத் தாவுகிறது, அந்த உச்சியில்தான் மின்னழுத்தம் போதாமல் போகிறது. குறைத்ததை ஐந்து ஐந்தாகத் திருப்பி ஏற்றி, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் வழக்கமான வேலைகளோடு ஓட்டிப் பாருங்கள்.

அதைத் தொட்டதே இல்லை என்றால், 'மெமரி கான்டெக்ஸ்ட் ரெஸ்டோர்' என்ற அமைப்பைப் பாருங்கள். முன்பு சொன்ன டிரெயினிங்கை ஒவ்வொரு முறையும் செய்யாமல் பழைய அளவுகளையே வைத்து விரைவாக எழுந்திருக்க உதவுவது அது. பழைய அளவுகள் விளிம்பில் இருந்தால் ஒரு நாள் நிற்கும், ஒரு நாள் விழும். அதை அணைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். கணினி எழுந்திருக்க நேரம் கூடும், ஆனால் ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் காரணம் தெரிந்துவிடும். அதன் பிறகு ரேம் வேகத்தை ஒரு படி இறக்கிவிட்டு அந்த அமைப்பை மறுபடி இயக்கலாம்.